கால் ராசியும் கசிந்த குழாயும்

திருப்பதி நெடுஞ்சாலையிலே, திருத்தணிக்கு அருகில், கால்மணி நேரம் நின்று பாருங்கள். கடந்து செல்லும் சரக்கு லாரிகளைச் சற்றே உற்று நோக்குங்கள். முகப்பிலே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த சரம். பக்கத்திலே கறுப்புக் கயிறு. பின்புறத்திலே பல்லை இளிக்கும் பூத முகம். அதற்கும் கீழே ஒற்றைச் செருப்பு! கண்ணேறு கழிப்பதற்கு இத்தனை காவலர். இவ்வளவு காவலையும் பூட்டிக்கொண்டு வந்த லாரி, தேநீர்க் கடை ஓரம் சற்று நின்று மீண்டும் புறப்பட்டுப் போனபிறகு, அது நின்ற தரையைப் பாருங்கள். கறுப்பாய் ஒரு சொட்டு. பக்கத்திலே இன்னொரு சொட்டு. எலுமிச்சை அந்தச் சொட்டைப் பார்க்கவில்லை, பூதமும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய மனிதரோ, முகப்பிலே பழம் வாடிவிட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அப்படிப்பட்ட ஒரு சொட்டைப் பற்றித்தான் எழுதப் புகுகிறோம். சொட்டு சிறிதுதான். ஆனால் அதன் பொருட்டு ஒரு தொழிலாளி வேலையிழந்தார். வேலையிழந்ததோடு, 'ராசி கெட்டவன்' என்ற பட்டத்தையும் நாலுபேர் நடுவிலே சுமந்தார்.

நம் ஊர் எல்லையூர். 1960 ஏப்ரல் முதல் நாளன்றுதான், நீண்ட எல்லைப் போராட்டத்தின் பயனாக, சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வடக்கே சற்றுத் தொலைவு போனால் நகரி, அதற்கப்பால் புத்தூர். ஆகவே இங்குள்ள பட்டறைகளிலே தமிழும் தெலுங்கும் ஒரே எண்ணெய்த் துணியிலே கை துடைத்துக்கொள்ளும். ஸ்பேனர் இருவருக்கும் ஸ்பேனர்தான். போல்ட்டு இருவருக்கும் போல்ட்டுதான். மற்றொன்றிலும் இரு மொழியாரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்: நாம் 'திருஷ்டி' என்கிறோம், அவர்கள் 'திஷ்டி' என்கிறார்கள். மாநிலங்களுக்கு எல்லை வகுக்க ஆணையமும் சட்டமும் தேவைப்பட்டன. மூடநம்பிக்கைக்கு மட்டும் எல்லையே வகுக்க முடியவில்லை!

செய்திக்கு வருவோம். மண் தோண்டும் எந்திரம் ஒன்று. செய்தித்தாள்கள் 'பொக்லைன்' என்று எழுதும். தெருவிலே 'ஜேசிபி' என்பார்கள். முன்னது பிரெஞ்சுக் குழுமம் ஒன்றின் பெயர். பின்னது ஆங்கிலேயர் ஒருவருடைய பெயரின் முதலெழுத்துகள். எக்குழுமம் செய்த எந்திரமானாலும் நம் மக்களுக்கு இந்த இரண்டு பெயர்கள்தான். நாம் சொல்லும் எந்திரம் எவருடைய ஆக்கம் என்பது இங்கே தேவையில்லை. குறை அதைச் செய்தவர்களுடையது அன்று. வயதான எந்திரம், இரண்டு மூன்று கை மாறி வந்தது. ஆனி மாதத்திலே, மழைக்கு முன்னால், ஏரி தூர் வாரும் வேலையிலே இருந்தது. ஒருநாள் நண்பகலிலே திடுமென நின்றுவிட்டது.

நின்றுவிட்டது என்றால், எஞ்சின் நிற்கவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது. வாளி ஏறிற்று, இறங்கிற்று. பின்புறத்துக் கை நீண்டது, மடங்கிற்று. சக்கரம் மட்டும் சுழல மறுத்தது. முன்னுக்குத் தள்ளினாலும் இல்லை, பின்னுக்குத் தள்ளினாலும் இல்லை.

முதலாளி வந்தார், பார்த்தார். எதைப் பார்த்தார்? எந்திரத்தின் கீழே குனிந்து பார்த்தாரா? இல்லை. நாள்காட்டியைப் பார்த்தார். 'இந்த ஓட்டுநர் வேலையில் சேர்ந்து எத்தனை நாளாயிற்று? இரண்டு மாதம். சேர்ந்தது என்ன கிழமை? செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய வாரம் இவன் வீட்டிலே சாவு விழவில்லையா? விழுந்தது! அப்புறமென்ன, இவன் கால் வைத்த நேரம்தான்!' தீர்ப்பு எழுதி முடிந்தது. மறுநாள் காலை, தேநீர்க் கடை வாயிலிலே, பத்துப்பேர் காதுபட, "ராசியில்லாத காலை இனிமேல் என் வண்டியிலே வைக்காதே" என்று கூறி அவரை அனுப்பிவிட்டார். அந்த மாதக் கூலியிலும் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஓட்டுநர் ஊரின் எந்தத் திசையிலிருந்து வேலைக்கு வருகிறார் என்பதைத் தோழர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நாமும் இந்த ஊரிலே சில ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டுதான் வருகிறோம்: மேல்தெருக்காரர் எவருடைய காலும் ராசி கெட்டதாக இதுவரை ஒரு பேச்சுக்கூட எழுந்ததில்லை. ராசியும் தெரு பார்த்துத்தான் கெடுகிறது!

ஓட்டுநரை வெளியேற்றியபிறகு, எந்திரத்துக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். மலைக்குப் போய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து முன்சக்கரத்தின் கீழே வைத்தார்கள். சக்கரம் உருண்டால் அல்லவா பழம் நசுங்கும்? பழம் அப்படியே இருந்தது. நான்கு நாள் கழித்துத்தான், வேறு வழியின்றி, எந்திரத்தை இழுத்துவந்து பட்டறையிலே சேர்த்தார்கள்.

பட்டறைக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். அங்கே வேலை செய்யும் இளைஞன் நம் பழைய மாணவன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். இப்போது பத்தொன்பது வயது. ஒரு மாலை அவன், எண்ணெய்க் கறை படிந்த சில தாள்களோடு நம் வீட்டுக்கு வந்தான். "சார், மேஸ்திரி குடுத்தனுப்பிச்சாரு. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லணும்" என்றான். அந்த எந்திரத்தின் கையேட்டிலிருந்து படியெடுத்த பக்கங்கள். எல்லாம் ஆங்கிலம். பிரிப்பதும் பூட்டுவதும் மேஸ்திரியின் கைக்குத் தெரியும்; ஆனால் எந்த எண்ணெய், எவ்வளவு, எந்த நிலையிலே அளப்பது என்ற கணக்கு ஆங்கிலத்துக்குள்ளே பூட்டிக் கிடந்தது. சாவி நம் கையிலே இருப்பதாக அவர் நம்பினார். கலைப்பட்டம் பெற்ற நமக்கோ 'டார்க் கன்வெர்ட்டர்' என்ற சொல் அன்றுதான் அறிமுகமாயிற்று. ஆகவே தாள்களை எடுத்துக்கொண்டு நாமே பட்டறைக்குப் போனோம். நாம் சொல்லைப் படிக்க, அவர் பொருளைக் காட்ட, இரண்டு மாலைப்பொழுதுகள் அப்படியே கழிந்தன.

அங்கே கற்றதைக் கூறுகிறோம். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். அதன் காற்று எதிரே இருக்கும் விசிறியின் இறக்கைகளையும் தள்ளிச் சுழற்றும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்து, இரண்டு விசிறிகளையும் ஒரே மூடிய கலத்துக்குள் அடைத்துவிட்டால், அதுதான் இந்த எந்திரத்தின் உள்ளிருக்கும் டார்க் கன்வெர்ட்டர். ஒருபுறத்து இறக்கைகளை எஞ்சின் சுழற்றுகிறது. எண்ணெய் பாய்ந்து மறுபுறத்து இறக்கைகளைச் சுழற்றுகிறது. அது கியர் பெட்டிக்கும் சக்கரத்துக்கும் ஆற்றலைக் கொண்டு செல்கிறது. இரண்டுக்கும் நடுவே பல்லும் இல்லை, சங்கிலியும் இல்லை. எண்ணெய் ஒன்றே பாலம். கப்பல்களுக்காக இதனை எண்ணிக் கண்டவர் ஹெர்மன் ஃபட்டிங்கர் என்ற செருமானியப் பொறியாளர். 1905-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று தானே கியர் மாறும் லாரிகளிலும், பேருந்துகளிலும், இந்த மண் எந்திரங்களிலும் இருப்பது அந்தக் கருத்தின் வழிவந்ததே.

பாலம் எண்ணெயாக இருப்பதிலே ஒரு தொல்லை உண்டு. எந்திரம் மண்மேட்டிலே வாளியை முட்டிக்கொண்டு நிற்கும்போது, எஞ்சின் முழு வலிமையோடு சுழலும், சக்கரமோ நகராது. அப்போது எஞ்சின் கொடுத்த ஆற்றல் எங்கே போகும்? மறைந்துவிடாது, எண்ணெயின் வெப்பமாகிவிடும். உள்ளங்கைகளை உரசினால் சூடு பிறக்கிறதே, அதைப்போல. எண்ணெயின் வெப்பம் ஏறிக்கொண்டே போனால் எண்ணெய் கெடும். ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. ஆகவேதான், சுடச்சுட வெளிவரும் எண்ணெயைக் குழாய் வழியே முன்புறத்துக்குக் கொண்டுபோய், ரேடியேட்டருக்கு அருகிலுள்ள கூலரிலே காற்றுப் படும்படி ஓடவிட்டு, ஆறியபின் மற்றொரு குழாய் வழியே கியர் பெட்டிக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். போகிற குழாய் ஒன்று, வருகிற குழாய் ஒன்று. உடம்பிலே குருதி ஓடுவதுபோல, வேலை நடக்கும்வரை இந்த ஓட்டமும் நடக்கவேண்டும்.

நம் பக்கத்துப் பழைய லாரிகளுக்கு இந்தக் குழாய்கள் இல்லை. கையால் கியர் மாற்றும் பெட்டிக்குள்ளே பற்சக்கரங்கள் எண்ணெயிலே பாதி முழுகிச் சுழன்று, தாமே எண்ணெயைத் தெளித்துக்கொள்ளும். அதற்கு அளவு பார்க்கும் கம்பியும் கிடையாது. பெட்டியின் பக்கவாட்டிலே ஒரு மரையாணி. அதைக் கழற்றினால் எண்ணெய் துளையின் விளிம்பிலே நிற்கவேண்டும். அவ்வளவுதான். அந்த ஆணியைப் புதிதாய்ப் பூட்டிய நாளுக்குப் பிறகு திறந்தே பார்க்காத லாரிகள் பல உண்டு என்று மேஸ்திரி கூறினார். ஆனால் ஆண்டுதோறும் அந்த லாரிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் தவறியதில்லை!

இப்போது எந்திரத்தின் அடியிலே குனிவோம். அளவுக் கம்பியை உருவினார்கள். பட்டறையிலே அதைக் 'கேஜ்' என்கிறார்கள். நுனியிலே மட்டும் ஒட்டியிருந்தது எண்ணெய். சிவப்பாக இருக்கவேண்டியது கரிய பழுப்பாகி, தீய்ந்த நாற்றம் வீசிற்று. வாளியும் கையும் ஏன் இயங்கின, சக்கரம் மட்டும் ஏன் நின்றது என்பதும் உடனே விளங்கிவிட்டது. வாளிக்கு வேலை செய்யும் எண்ணெய் வேறு தொட்டியிலே இருக்கிறது, அது குறையவில்லை. கியர் பெட்டியின் எண்ணெய்தான் வற்றிப்போயிற்று. பாலம் இல்லை, ஆகவே ஆற்றல் கடக்கவில்லை. ராசி கெட்டிருந்தால் எல்லாமல்லவா கெட்டிருக்கவேண்டும்? ஒரு தொட்டியை விட்டு ஒரு தொட்டியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கெடுக்கும் அளவுக்குச் செவ்வாய்க்கிழமைக்கு எந்திரக் கலை தெரியுமா?

எண்ணெய் எங்கே போயிற்று என்பது அடுத்த கேள்வி. அடிப்புறம் முழுவதும் மண்ணும் எண்ணெயும் குழைந்து அப்பிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்தான் இளைஞன். ஒன்றின்மேல் ஒன்றாக, அடையின்மேல் அடையாகப் பெயர்ந்தது. அடியிலிருந்தது கல்லைப்போல் இறுகியிருந்தது. மேலே இருந்தது இன்னும் பிசுபிசுத்தது. கழுவித் துடைத்து உலரவிட்டபிறகு, கொஞ்சம் எண்ணெய் ஊற்றி எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டார்கள். கசிவைக் கையால் தடவித் தேடலாகாது என்று மேஸ்திரி முதலிலேயே எச்சரித்தார். எண்ணெய் சுட்டுவிடும், அதிக அழுத்தமுள்ள குழாயாக இருந்தால் ஊசிபோல் பாய்ந்து தோலைத் துளைத்துவிடும். அட்டைத்துண்டு ஒன்றைக் குழாயின் ஓரமாகப் பிடித்துக்கொண்டே போனான் இளைஞன். சேசிஸின் உட்புறத்திலே, கண்ணுக்கு எட்டாத ஒரு வளைவிலே, அட்டை நனைந்தது.

அங்கே இரும்புக் குழாயைச் சேசிஸோடு சேர்த்துப் பிடிக்கவேண்டிய கிளாம்பு இல்லை. எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பி சுற்றியிருந்தார்கள். எஞ்சின் அதிர அதிரக் குழாய் சேசிஸின் விளிம்பிலே உராய்ந்து, தேய்ந்து, நூல் நுழையும் அளவுக்கு ஒரு துளை விழுந்துவிட்டது. அதுமட்டுமா? அந்தத் துளையின்மேல், பழைய மிதிவண்டியின் ரப்பர்க் குழாயைக் கிழித்து இறுகச் சுற்றிக் கட்டியிருந்தது. அந்தக் கட்டின்மேல்தான் கல்லாய் இறுகிய அடை படிந்திருந்தது!

மேஸ்திரி அந்த ரப்பர்த் துண்டைக் கையிலே வைத்துக்கொண்டு, "வாத்தியாரே, இது ரெண்டு மாசத்துக் கசிவு இல்லே. ரெண்டு கோடை பார்த்த கசிவு" என்றார். ஒரு வரியிலே வழக்கு முடிந்தது. ஓட்டுநர் அந்த எந்திரத்திலே கால் வைக்கும் முன்பே குழாய் ஓட்டையாகியிருந்தது; ஒட்டுப்போட்டவர் வேறு எவரோ; ஒட்டு நைந்து விட்டுப்போன நாளிலே உட்கார்ந்திருந்தவர் மட்டும் இவர். அவரைப் பின்பு நாம் சந்தித்தபோது, எண்ணெய் குறைகிறதென்று மூன்றுமுறை முதலாளியிடம் சொன்னதாகக் கூறினார். ஆடிக் கிருத்திகை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்பதே அவருக்குக் கிடைத்த விடை.

பழுது நீக்கியதை விரிவாகவே எழுதவேண்டும். நம் வகுப்பறையிலே காணாத ஒழுங்கை அங்கே கண்டோம். குழாயைக் கூலரிலிருந்து கழற்றும்போது இளைஞன் இரண்டு ஸ்பேனர்களை எடுத்தான். ஒன்று குழாயின் நட்டைத் திருப்ப. மற்றொன்று கூலரோடு ஒட்டிய நட்டு திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்ள. ஒற்றை ஸ்பேனரால் முரட்டுத்தனமாகத் திருப்பினால் கூலரின் கழுத்தே முறுக்கிக்கொள்ளும். குழாயைச் சரிசெய்யப் போய்க் கூலரை இழக்க நேரிடும். கழற்றிய வாய்களைத் தூய துணியால் அடைத்தான், ஒரு மணல் துகள்கூட உள்ளே போகலாகாதென்று. பழைய குழாயை மாதிரியாகக் கொடுத்து, அதே உள்ளகலமும் அதே நீளமும் கொண்ட புதிய குழாயை, இரு முனையிலும் ஓஸ் பொருத்தி எந்திரத்தால் அழுத்தி வாங்கிவந்தார்கள். வெறும் ரப்பர் ஓஸை மாட்டித் திருகுக் கிளிப் போட்டு முடுக்கிவிட்டால் செலவு குறையுமே என்று முதலாளியின் ஆள் ஒருவர் கேட்டார். "குறையும், அடுத்த மாசம் திரும்பவும் இழுத்துக்கிட்டு வருவீங்க" என்றார் மேஸ்திரி. சூடும் அழுத்தமும் தாங்கும் ஓஸ் வேறு, தண்ணீர் பாய்ச்சும் ஓஸ் வேறு.

கூலருக்குள்ளே தேங்கியிருந்த கரிய கசடைக் கழுவி வெளியேற்றினார்கள். வடிகட்டியை மாற்றினார்கள். கியர் பெட்டியின் அடித்தட்டிலே படிந்திருந்ததை விரலிலே தொட்டுத் தேய்த்துப் பார்த்தார் மேஸ்திரி. நுண்ணிய பொடி மட்டுமே. உலோகச் சில்லுகள் இல்லை. உள்ளே பெருஞ்சேதம் நேரவில்லை என்பதற்கு அது அடையாளமாம். மூட்டுகளிலே பழைய ஓரிங்குகளைப் போடாமல் புதியவற்றைப் போட்டார்கள். புகைபோக்கியின் சூடு படாதபடி, எங்கும் மடிந்து நெரியாதபடி குழாயை வளைத்து, ரப்பர் உறை போட்ட கிளாம்புகள் இரண்டைப் பூட்டினார்கள். அந்தக் கிளாம்புகள் இரண்டின் விலையும் சேர்ந்து, எந்திரத்தின் கழுத்திலே கிடந்த மாலையின் விலைக்கு வரவில்லை.

பிறகு எண்ணெய். இங்கேதான் நம் ஆங்கிலத்துக்கு வேலை வந்தது. சில எந்திரங்களுக்கு எஞ்சின் ஓடும்போது எண்ணெய் அளக்கவேண்டும். சிலவற்றுக்கு நிறுத்திச் சிறிது நேரம் பொறுத்து அளக்கவேண்டும். சூட்டிலே எண்ணெய் விரியும், ஆறினால் சுருங்கும். ஆகவே எந்த நிலையிலே அளப்பதென்பதை அந்தந்த எந்திரத்தின் கையேடுதான் சொல்லமுடியும். வழக்கத்தை வைத்துச் சொல்லலாகாது. சமதரையிலே நிறுத்தி, கையேடு சொன்னபடியே அளந்தார்கள். கம்பியை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, மீண்டும் முழுதாகச் செருகி, உருவிப் படித்தார்கள். குறைகோட்டுக்கும் நிறைகோட்டுக்கும் நடுவே நிற்கவேண்டும். குறைந்தால் கேடு என்பது எல்லார்க்கும் தெரியும். கூடினாலும் கேடு என்பது பலருக்குத் தெரியாது. மிகுதியான எண்ணெயைச் சுழலும் உறுப்புகள் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை ஆற்றலைக் கடத்தாது.

கம்பியின் நுனியிலே எவ்வளவு செய்தி இருக்கிறது தெரியுமா! தெளிந்த சிவப்பானால் நலம். கருகிய பழுப்பானால் சூடு மிஞ்சியிருக்கிறது. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே கூலரை வைத்திருக்கும் பழைய அமெரிக்க லாரிகளிலே, உள்ளே துரு அரித்துத் துளை விழுந்தால் இப்படி ஆகுமாம். கைரேகை பார்ப்பவர் ஒரு வாழ்நாள் முழுதும் பொய் சொல்லலாம். இந்தக் கம்பி ஒரு நாளும் பொய் சொல்லாது. எண்ணெயைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது வேறொரு செய்தியும் கண்ணில் பட்டது. தானியங்கிக் கியர் பெட்டிகளின் எண்ணெயிலே ஒருகாலத்தில் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்களாம். 1970-களின் தொடக்கத்திலே திமிங்கிலங்களைக் காக்கவேண்டி அமெரிக்கா அதற்குத் தடை விதித்தது. 'அது இல்லாவிட்டால் எந்திரம் ஓடாது' என்று உட்கார்ந்துவிடாமல், வேதியியலார் மாற்றுப்பொருள் கண்டார்கள். தலைமுறை தலைமுறையாக வந்தது என்பதற்காக எதையும் அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் முடிந்தபின், கையேட்டுப் பக்கங்களைத் தமிழில் எழுதித் தரும்படி மேஸ்திரி கேட்டார். எழுதினோம். முதலில் 'குளிர்விப்பான்' என்றும் 'முறுக்கு மாற்றி' என்றும் எழுதிக்கொண்டு போனோம். மேஸ்திரி படித்துவிட்டுச் சிரித்தார். "கூலர்னு எழுதுங்க வாத்தியாரே. கடைக்காரன்கிட்ட குளிர்விப்பான் கேட்டா ஐஸ் பெட்டியைக் காட்டுவான்." ஒப்புக்கொண்டோம். தனித்தமிழிலே நமக்குள்ள பற்று எவருக்கும் குறைந்ததன்று. ஆனால் புதுச்சொல், தொழிலாளியின் கைக்கு வந்து புழங்கியபிறகுதான் சொல்லாகும். அதுவரையிலே, வினையும் வாக்கியமும் விளக்கமும் தமிழாக இருக்க, உறுப்பின் பெயர் பட்டறையின் பெயராக இருப்பதிலே இழுக்கில்லை. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கிற்று, வரவேற்றோம். அந்தத் தமிழ் பல்கலைக்கழகத்திலிருந்து நெடுஞ்சாலைப் பட்டறை வரைக்கும் நடந்து வரவேண்டாமா? கியர் பெட்டியின் எண்ணெயை நாள்தோறும் பார் என்ற ஒரு வரி தமிழில் இல்லாததால், ஆயிரக்கணக்கில் பணம் கரைகிறது. அதன் பழி ஓர் ஏழையின் காலிலே போய் விழுகிறது.

'எண்ணெயும் பார்க்கலாம், எலுமிச்சையும் கட்டலாம். இரண்டும் செய்தால் என்ன குறை?' என்று கேட்பவர்கள் உண்டு. நம்மோடு பணிபுரியும் படித்த பெருமக்களே கேட்டார்கள். குறை இருக்கிறது. கண்ணேறுதான் காரணம் என்று முடிவு கட்டியவர் வேறு காரணம் தேடமாட்டார். நான்கு நாள் அந்த எந்திரம் பழத்தின்மேல் நின்றதே, அந்த நான்கு நாளும் எவராவது குனிந்து பார்த்தார்களா? இன்னொன்று: கண்ணேறு என்றால் எவருடைய கண் என்று கேட்கவேண்டும், ராசி கெட்டது என்றால் எவருடைய கால் என்று கேட்கவேண்டும். கேட்டால் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எப்போதும் எதிர்த்துப் பேசமுடியாதவராகவே அமைவார்: கூலிக்காரர், கைம்பெண், புதிதாய் வந்த மருமகள். குழாயைக் குற்றவாளியாக்கினால் குழாயை மாற்றலாம். காலைக் குற்றவாளியாக்கினால் மனிதரையல்லவா மாற்றுகிறார்கள்! அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976-இல் நம் அரசியலமைப்பிலே, 51ஏ பிரிவிலே, எழுதிச் சேர்த்தார்கள். அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்களின் வண்டியிலும் எலுமிச்சைதான் தொங்குகிறது. இதற்குமேல், ஆயுத பூசையன்று நடுச்சாலையிலே உடைத்துவிட்டுப் போகும் பூசணிக்காயிலே சறுக்கி விழும் இருசக்கர வண்டிக்காரர்களுக்கு எந்தக் கண்ணேறு என்று சொல்வது?

எந்திரத்தை எடுத்துப்போக முதலாளி வந்த அன்று நாமும் அங்கே இருந்தோம். மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. துளை விழுந்த குழாயையும், கட்டுக்கம்பியையும், ரப்பர்த் துண்டையும், கல்லான அடையையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். இளைஞன்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, எது எதனால் நேர்ந்தது என்று விளக்கினான். நம் பள்ளியிலே அறிவியல் தேர்வில் இருமுறை தவறியவன் அவன்! முதலாளி குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பணத்தை எண்ணிக் கொடுத்தார். "அவனை வரச் சொல்லுங்க" என்று மட்டும் கூறிவிட்டுப் போனார்.

செய்தியை ஓட்டுநரிடம் கொண்டுபோனவன் இளைஞன். ஓட்டுநர் சொன்ன விடையை அப்படியே நம்மிடம் வந்து சொன்னான்: "வர்றேன். எந்த டீக்கடையில, யார் முன்னாடி என் காலைப் பத்திப் பேசினாரோ, அங்கேயே, அவங்க முன்னாடியே, தப்பு குழாய்லதான்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. சம்பளம் ஒரு ரூபா கூட வேண்டாம்."

அந்த ஒரு வார்த்தையை முதலாளி சொல்லவில்லை. பிடித்துக்கொண்ட கூலி மட்டும் ஆள்மூலம் திரும்பி வந்தது. ஓட்டுநரும் அந்த எந்திரத்திலே ஏறவில்லை. திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் பழைய லாரி ஒன்றிலே சேர்ந்தார். வருவாய் முன்னைவிடக் குறைவுதான். ஆனால் சேர்ந்த முதல் வாரத்திலேயே லாரியின் கியர் பெட்டி ஆணியைக் கழற்றச் சொன்னாராம். விரலை விட்டால் எண்ணெய் எட்டவே இல்லையாம். லாரிக்கும் அதேபோல் தமிழிலே ஒரு தாள் எழுதித் தரும்படி நமக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். கியர் பெட்டிக்கான பக்கம் முடிந்துவிட்டது. பிரேக் எண்ணெய்க்கான பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம்.